முன்னூறு வருஷமும் நாலாம் நம்பர் சம்படமும்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கணும்.

அவ்வளவுதான். மூடி இறுக்கமா இருக்கணும், தண்ணி புகக்கூடாது, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொண்டு வந்து குடுக்கணும். ஏழாங்கிளாஸ் பிள்ளைகிட்ட சொன்னாக்கூட முடிச்சுட்டு வந்து மீதி நேரத்துல விளையாடப் போயிருக்கும். என்கிட்ட சொன்னாங்க!

எதுக்கு டப்பான்னு கேப்பீங்க. சொல்றேன்.

நாங்க இருக்கறது டெல்லி மயூர் விஹார்ல ஒரு அபார்ட்மென்ட். கட்டி இருபத்தஞ்சு வருஷம் ஆகுதாம். மத்த ஊரா இருந்தா ஒரு பாட்டுக் கச்சேரி, ஒரு சாப்பாடுன்னு முடிச்சிருப்பாங்க. எங்க அசோசியேஷன் தலைவர் மல்ஹோத்ரா ஜி கவர்மென்ட்ல பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஃபைல் இல்லாம அவருக்குக் கை நடுங்கும். அவர் சொன்னார்: "காலப் பெட்டகம் புதைக்கிறோம். முன்னூறு வருஷம் கழிச்சுத் திறக்கணும்."

அதுக்குள்ள என்ன வைக்கிறது? ஒரு லிஸ்ட். இன்னிக்கு இருக்கற பிரபலங்கள்ல முன்னூறு வருஷம் கழிச்சும் யாரையெல்லாம் உலகம் ஞாபகம் வச்சிருக்கும்னு பத்து பேர். நாம சொன்னது சரியா தப்பான்னு வருங்கால மக்கள் திறந்து பாத்துத் தெரிஞ்சுக்கணுமாம். முன்னூறு வருஷம் கழிச்சு மயூர் விஹார்ல குடிக்கத் தண்ணி இருக்குமான்னே எனக்கு சந்தேகம். மல்ஹோத்ரா ஜிக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை.

மீட்டிங்ல யாரோ பிளாஸ்டிக் டப்பான்னாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். வாயி சும்மா இருக்குமா? "பிளாஸ்டிக் எல்லாம் வேண்டாம், எவர்சில்வர் வைங்க, எத்தனை வருஷமானாலும் ஒண்ணும் ஆகாது"ன்னேன்.

"பஹுத் அச்சா! கவிதா ஜி, அப்போ டப்பா உங்க பொறுப்பு. லிஸ்ட்டும் நீங்களே எழுதிருங்க, கையெழுத்து நல்லா இருக்கும்"னுட்டார். யோசனை சொன்னவ தலையிலயே வேலையைக் கட்டறது இந்த ஊர் வழக்கம். பதினாறு வருஷமா இங்க இருக்கேன், இன்னும் புத்தி வரலை.

அப்புறம் ஆரம்பிச்சுது லிஸ்ட் சண்டை.

வாட்ஸப் குரூப்ல ரெண்டு வாரம் தீ பறந்துச்சு. மூணாவது மாடி ரோஹித் ஒரு கிரிக்கெட் பிளேயர் பேரைப் போட்டான். நாலாவது மாடியில இருந்து இன்னொரு பிளேயர் பேர் வந்துச்சு. ரெண்டு பேரும் லிஃப்ட்ல ஒண்ணா ஏறறதை நிறுத்திட்டாங்க. பானர்ஜி மேடம் ஒரு பாடகர் பேர் சொன்னாங்க. ஒருத்தர் சாமியார் பேர் சொன்னார். இன்னொருத்தர், "அந்த சாமியார் மேல கேஸ் இருக்கே"ன்னார். "அதனாலதான் ஞாபகம் இருக்கும்"னு முதல் ஆள் பதில் போட்டார். நியாயம்தான்னு எனக்கே தோணிச்சு.

ஒரு காலேஜ் பொண்ணு, சமோசாவைக் கடிச்சு கண்ணை மூடிக் காட்டற ஒரு ரீல்ஸ் நாயகி பேரைப் போட்டுச்சு. கோடிக்கணக்கான ஃபாலோயராம். மல்ஹோத்ரா ஜி கொதிச்சுட்டார். "சமோசா தின்னா சரித்திரமா?"ன்னு ஆடியோ மெசேஜ் அனுப்பினார். அந்தப் பொண்ணு, "அங்கிள், நீங்க என்ன பண்ணியிருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு.

இதுக்கெல்லாம் நடுவுல என் வீட்டுக்காரர் கார்த்திக் ஒரே ஒரு மெசேஜ் போட்டார். அவருக்கு லோதி ரோட்டுல ஆபீஸ். மத்தியானம் சாப்பிட்டுட்டு பக்கத்துல லோதி கார்டன்ல நடப்பார். "அந்த கார்டன்ல எவ்வளவு பெரிய பெரிய கல்லறை இருக்கு, ஒரு காலத்துல கையை அசைச்சா ஊரே நடுங்கின ஆளுங்க. இப்போ அதுக்குள்ள படுத்திருக்கறது யாருன்னு யாருக்கும் தெரியலை, வாசல்ல உக்காந்து சிப்ஸ் திங்கறாங்க. லிஸ்ட் எதுக்கு?"ன்னு எழுதினார்.

அதுக்கு வந்த ஒரே பதில் ஒரு கட்டைவிரல்.

எப்படியோ பத்து பேர் தேறிச்சு. கிரிக்கெட்காரர் ரெண்டு பேர் (லிஃப்ட் சண்டை தீரணுமே), நடிகர் ஒருத்தர், பாடகர், சாமியார், அரசியல்வாதிங்க மூணு பேர், டிவியில கத்தற ஒரு செய்தியாளர், சமோசாப் பொண்ணு. விஞ்ஞானின்னு ஒருத்தரைப் போடணும்னு நான் சொன்னேன். "யாரைப் போடறது?"ன்னாங்க. நானும் யோசிச்சேன். ஒரு பேரும் வரலை. விட்டுட்டேன்.

அழகா முத்து முத்தா எழுதி ஒரு பழுப்புக் கவர்ல போட்டு டைனிங் டேபிள்ல வச்சுட்டு, டப்பா வாங்கக் கிளம்பினேன்.

மயூர் விஹார்லயே பாத்திரக்கடை இருக்கு. எங்க கேட்டுல இருந்து நடந்தா அஞ்சு நிமிஷம். ஆனா எனக்கு என்ன தோணிச்சுன்னா, முன்னூறு வருஷ விஷயம், கொஞ்சம் நல்ல இடத்துல வாங்குவோம், மெட்ரோ பிங்க் லைன்ல ஏறினா நேரா சரோஜினி நகர் மார்க்கெட்னு.

அங்க பாத்திரக்கடையை விடத் துணிக்கடைதான் ஜாஸ்தி. இதைப் படிக்கிற பெண்களுக்கு அடுத்து என்ன ஆச்சுன்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்.

மூணு டாப்ஸ், ஒரு பலாஸோ பேன்ட், ஒரு ஸ்வெட்டர், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு தொப்பி. பேரம் பேசிப் பேசித் தொண்டை வத்திடுச்சு. மெட்ரோவுல உக்காந்து பையைத் தடவிப் பாத்து சந்தோஷப்பட்டு, யமுனை தாண்டும்போதுதான் ஞாபகம் வந்துச்சு.

டப்பா!

மணி மூணே முக்கால். வீட்டுக்கு வந்து சேரும்போது நாலு மணி அஞ்சு நிமிஷம். வர்ற வழியில பாத்திரக்கடையைப் பாத்தேன். ஷட்டர் இறக்கி, கல்யாணத்துக்குப் போயிருக்கோம்னு எழுதி ஒட்டியிருந்தான். ஃபோன்ல மல்ஹோத்ரா ஜி: "கவிதா ஜி, டப்பா ரெடி?" "ரெடி ஜி, துடைச்சிட்டிருக்கேன்!"னேன். என் வாய் என் பேச்சைக் கேக்கறதே இல்லை.

அப்பதான் சமையலறைப் பரணை நிமிர்ந்து பாத்தேன்.

இப்போ என் மாமியாரைப் பத்தி சொல்லியாகணும். பேரு ஆவுடையம்மாள். ஊரு திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து அம்பது வருஷம் ஆச்சு. மாமனார் மத்திய சர்க்கார்ல செக்ஷன் ஆபீசரா இருந்தார், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்லதான் குடித்தனம். அந்தக் காலத்துல குவார்ட்டர்ஸ்ல ஒரு விசேஷம்னா பத்து வீட்டுப் பாத்திரம் ஒண்ணாக் கலந்துடுமாம். அதனால அத்தை ஊருக்குப் போனப்போ எல்லாப் பாத்திரத்துலயும் பேர் வெட்டிக் கொண்டு வந்தாங்க. டம்ளர்ல இருந்து அண்டா வரைக்கும், புள்ளி புள்ளியா, தமிழ்ல, 'சு. ஆவுடையம்மாள்'.

அதுல உச்சம் ஏழு சம்படம் உள்ள ஒரு அடுக்கு. சம்படம்னா மூடி போட்ட டப்பா. ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் நம்பரும் வெட்டியிருக்கும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். அத்தை அந்த அடுக்கைத் துடைக்கறதைப் பாத்தா, சாமி சிலையைத் துடைக்கற மாதிரி இருக்கும்.

ஒரு தடவை ரெண்டாம் நம்பர்ல சுண்டல் போட்டு ஒரு வீட்டுக்குக் குடுத்து விட்டிருக்காங்க. அந்த வீட்டுக்காரங்க டப்பாவைத் திருப்பிக் குடுக்காமலே மாத்தலாகி லக்னோவுக்குப் போயிட்டாங்க. விட்டாங்களா? மாமனாரை லீவு போட வச்சு ரயில்ல கூட்டிட்டுப் போய் வாங்கிட்டு வந்தாங்க. லக்னோவுல வேற என்ன பாத்தீங்க அத்தைன்னு ஒரு நாள் கேட்டேன். "என்னத்தப் பாக்க? சம்படத்தப் பாத்தேன், எடுத்தேன், வந்தேன்"னாங்க.

அந்த அடுக்குலதான் நான் கையை வச்சேன்.

அத்தை அன்னிக்கு லோதி ரோட்டுல அவங்க பழைய ஃபிரெண்டு வீட்டுல பஜனைக்குப் போயிருந்தாங்க. ஏழு மணி ஆகும் திரும்பி வர. அதுக்குள்ள விழாவை முடிச்சுட்டு... முடிச்சுட்டு என்ன பண்றதா இருந்தேன்? டப்பா மண்ணுக்குள்ள போயிடுமே! அதையெல்லாம் அந்த நேரத்துல யோசிக்கலை. நாளைக்குப் போய் அதே மாதிரி ஒண்ணு வாங்கி, பேர் வெட்டி வச்சுடலாம்னு நினைச்சேன். டெல்லியில தமிழ்ல பேர் வெட்டறவனை எங்க போய்த் தேடறதுன்னு நினைக்கலை.

நாலாம் நம்பர் அளவு சரியா இருந்துச்சு. உள்ள முறுக்கு. கொட்ட ஏனம் தேடினேன். கைக்குக் கிடைச்சது ரைஸ் குக்கர். அதுல கொட்டி மூடினேன். டேபிள் மேல இருந்த பழுப்புக் கவரை எடுத்து டப்பாவுக்குள்ள போட்டேன். ஓடினேன்.

கீழே பார்க்ல ஷாமியானா, நாற்காலி, மைக். குழி தயாரா இருந்துச்சு. பக்கத்துல பிளம்பர் ஒருத்தர் மூடியைச் சுத்திப் பூச பைப் பசையோட நின்னார். குழிக்குப் பின்னாடி ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அதுல முக்கால்வாசி மல்ஹோத்ரா ஜி முகம். கல்வெட்டு வர லேட் ஆகுமாம், அதுவரைக்கும் ஃப்ளெக்ஸ்.

டப்பாவை மேசை மேல, பேர் வெட்டின பக்கம் பின்னாடி இருக்கற மாதிரி வச்சேன். மேல ஒரு சாமந்திப்பூ மாலை. அம்சமா இருந்துச்சு. அப்பாடான்னு நான் மூச்சு விடறதுக்குள்ள, ஃபோட்டோ எடுக்க வந்த ரோஹித் நல்ல கோணம் வேணும்னு டப்பாவைத் திருப்பினான்.

"அரே வாஹ்! இது என்ன எழுத்து?"ன்னார் மல்ஹோத்ரா ஜி.

"அது... தமிழ், ஜி."

"என்ன எழுதியிருக்கு?"

என் மாமியார் பேருன்னு சொல்லியிருக்கலாம். சிரிச்சிருப்பாங்க, முடிஞ்சிருக்கும். நான் சொன்னேன்: "பழைய தமிழ் ஆசீர்வாதம், ஜி."

"எவ்வளவு பழசு?"

"ரெண்டாயிரம் வருஷம்."

எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆனா சொல்லியாச்சு. அவர் நேரா மைக்குக்குப் போனார். "நண்பர்களே! நம்ம பெட்டகத்துல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழ் ஆசீர்வாதம் பொறிச்சிருக்கு! கவிதா ஜி தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்திருக்காங்க!" எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். வேற என்ன பண்றது?

சரியா அந்த நேரத்துல கேட்டுல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு.

ஆட்டோல இருந்து ஒரு கால் இறங்குச்சு. மெரூன் புடவை, பச்சை ஸ்வெட்டர், குரங்குக் குல்லா.

அத்தை! மணி அஞ்சே கால்தான்!

பஜனை பாடறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். சுண்டலைக் குடுத்து சீக்கிரமே அனுப்பிட்டாங்களாம். ஓடிப்போய் முன்னாடி நின்னு, "அத்தை, குளிருது, மேல போயிடலாம் வாங்க"ன்னேன். "வெயிலு இன்னும் கெடக்குல்லா, என்னட்டி கூட்டம் இங்கன?"ன்னு என்னை ஒரு கையால ஒதுக்கிட்டு உள்ள வந்தாங்க.

மல்ஹோத்ரா ஜி பாத்துட்டார். "ஆயியே ஆயியே ஆன்ட்டிஜி! சரியான நேரத்துல வந்தீங்க. நீங்க தமிழ்தானே? இந்தப் பழைய ஆசீர்வாதத்தை எங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க!"ன்னு மைக்கை அவங்க கையில குடுத்துட்டார்.

நான் கார்த்திக்கைத் தேடினேன். கடைசி வரிசையில உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தார். கண்ணாலேயே, 'ஏங்க, காப்பாத்துங்க'ன்னேன். அவர் டீ நல்லாயிருக்குன்னு தலையாட்டினார்.

அத்தை கைப்பையில இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாங்க. மாலையைக் கொஞ்சம் தூக்கினாங்க. பாத்தாங்க.

பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் மெதுவா தலையைத் திருப்பி என்னைப் பாத்தாங்க. எனக்கு அந்தக் குழிக்குள்ள நானே இறங்கிப் படுத்துக்கலாமான்னு இருந்துச்சு.

மைக்கைக் கிட்ட கொண்டு போய், கணீர்னு ஒவ்வொரு எழுத்தா, "சு. ஆவுடையம்மாள். நாலு"ன்னு படிச்சாங்க.

"வாஹ்! வாஹ்!" கைத்தட்டல். பானர்ஜி மேடம் கையை நெஞ்சு மேல வச்சு, "எவ்வளவு இனிமையான மொழி!"ன்னாங்க. மல்ஹோத்ரா ஜி, "மத்லப், ஆன்ட்டிஜி? அர்த்தம் என்ன?"ன்னார்.

அத்தை என் மேல இருந்து கண்ணை எடுக்காமலே, அம்பது வருஷ டெல்லி இந்தியில, திருநெல்வேலி ராகத்துல சொன்னாங்க: "கேக்காம எடுத்ததை, எடுத்த இடத்துலயே கொண்டு வைக்கணும்னு அர்த்தம்."

மல்ஹோத்ரா ஜி மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"கேட்டீங்களா! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க! பூமித் தாய்கிட்ட நாம கேக்காமதான் எடுக்கறோம். தண்ணியை, காத்தை, மண்ணை... திருப்பி வைக்கிறோமா?"

பானர்ஜி மேடம் கண்ணைத் துடைச்சாங்க. ரோஹித் இதை ரீலாப் போட்டுட்டான். கார்த்திக்குக்கு மட்டும் புரை ஏறி டீ மூக்குல வந்துச்சு.

அத்தை டப்பாவைத் தூக்கிட்டு நடையைக் கட்டிடுவாங்கன்னு நான் நெனைச்சேன். லக்னோ வரைக்கும் போனவங்க இல்லையா? ஆனா அவங்க ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முன் வரிசையில உக்காந்துட்டாங்க. எனக்கு அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

மல்ஹோத்ரா ஜி மூடியைத் திறந்து பழுப்புக் கவரை வெளியே எடுத்து உசரத் தூக்கிக் காட்டினார். "இதுக்குள்ள இருக்கறவங்கதான் முன்னூறு வருஷம் கழிச்சும் வாழப் போறவங்க!" எல்லாரும் எழுந்து நின்னாங்க. யாரோ 'பாரத் மாதா கி'ன்னு ஆரம்பிச்சாங்க. கவர் திரும்ப உள்ள போச்சு.

அப்புறம் அவர் கோட்டுக்குள்ள கையை விட்டு, தன்னோட வாழ்க்கை வரலாற்றை எடுத்தார். பன்னெண்டு பக்கம். ஒவ்வொரு பக்கமும் லேமினேஷன். இது எந்த மீட்டிங்லயும் பேசாத விஷயம். டப்பாவுக்குள்ள விட்டுப் பாத்தார். போகலை. மடக்கிப் பாத்தார், லேமினேஷன் நிமிர்ந்து நிமிர்ந்து எழுந்துச்சு. சுருட்டி அழுத்தினார், ஸ்பிரிங் மாதிரி துள்ளி சாமந்தி மாலையோட கீழே விழுந்துச்சு.

"கவிதா ஜி, இதைவிடப் பெரிய டப்பா கிடையாதா?"

"கிடையாது ஜி!"

முன் வரிசையில இருந்து அத்தை தமிழ்ல சொன்னாங்க: "நாலாம் நம்பர்ல முறுக்குதான் நிக்கும். இதுக்கு ஏழாம் நம்பர்லா வேணும்."

மல்ஹோத்ரா ஜி அதுவும் ஆசீர்வாதம்னு நெனைச்சு கும்பிட்டார். "ஆன்ட்டிஜி, உங்க கையால நீங்களும் நாலு வார்த்தை எழுதி உள்ள போடுங்க"ன்னு ஒரு சீட்டும் பேனாவும் குடுத்தார். அத்தை மடியில வச்சு நிதானமா எழுதினாங்க. ஒரு தடவை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பாத்து, மறுபடி ஒரு வரி எழுதினாங்க. நாலா மடிச்சு உள்ள போட்டாங்க.

பிளம்பர் பசையைப் பூசினார். டப்பா குழிக்குள்ள போச்சு. மேல சிமென்ட். லக்னோ வரைக்கும் போன ரெண்டாம் நம்பர் திரும்பி வந்துச்சு, நாலாம் நம்பர் மயூர் விஹார்ல மாட்டிக்கிச்சு.

வீட்டுக்கு வந்தோம். உள்ள நுழைஞ்சதும் அத்தை நேரா சமையலறைக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி வைக்கலாம்னு குக்கரைத் திறந்தாங்க. முறுக்கு.

ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சாங்க. மீதியை ஒரு தட்டுல கொட்டி எடுத்துக்கிட்டு ஹால்ல வந்து உக்காந்தாங்க.

"திங்கக்கிழமை டாக்டர்ட்ட போவணும். எனக்க சுகர் ரிப்போர்ட்ட எங்க? காலைல இந்த மேசை மேலதான் வச்சேன்."

எனக்குக் காலைல ஒரு பழுப்புக் கவரைப் பாத்த ஞாபகம் நல்லா இருந்துச்சு. டேபிள்ல அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. பவ்யமா எடுத்துக் குடுத்தேன். அத்தை பிரிச்சாங்க. கண்ணாடியை ஏத்திக்கிட்டாங்க.

"இதாருட்டி?" முதல் கிரிக்கெட்காரர் பேரைப் படிச்சாங்க. "இவருக்கு எம்புட்டு சுகரு?"

எட்டிப் பாத்தேன். என்னோட கையெழுத்து!

கவர் மாறிப்போச்சு! பத்து பிரபலங்களும் எங்க வீட்டுச் சோபாவுல. முன்னூறு வருஷம் வாழப் போறவங்கன்னு ஊரே எழுந்து நின்னு மரியாதை பண்ணது அத்தையோட ரத்தப் பரிசோதனைக்கு!

"அத்தை..."ன்னு ஆரம்பிச்சேன். அழுகையே வந்துடுச்சு. நடிப்பு இல்லை, நிஜமாவே. மார்க்கெட், கல்யாணத்துக்குப் போன பாத்திரக்கடைக்காரன், ரெண்டாயிரம் வருஷப் பொய், எல்லாத்தையும் கொட்டினேன். "நான் ஒரு லூசு அத்தை. காலைல மல்ஹோத்ரா ஜிகிட்ட சொல்லித் தோண்டச் சொல்றேன். டப்பாவையும் எடுத்துடலாம், ரிப்போர்ட்டையும் எடுத்துடலாம். மானம் போனாப் போகுது."

அத்தை லிஸ்ட்டை முழுசும் படிச்சு முடிச்சாங்க. சமோசாப் பொண்ணு பேர்கிட்ட வந்ததும், "இது ஆருன்னே தெரியல"ன்னாங்க. சொன்னேன். "சமோசா திங்கதுக்கா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. லிஸ்ட்டை மடிச்சு முறுக்குக்கு அடியில வச்சாங்க.

"தோண்டாண்டாம்"னாங்க.

"அத்தை?"

"கெடக்கட்டும்ட்டி. இந்த ஊருக்கு வந்த நாள்ல நான் மிசஸ் சுப்பையா. பொறவு கார்த்தி அம்மா. இப்பம் ஆன்ட்டிஜி. ரேஷன் கார்டுல எனக்க பேர்ல பாதியத்தான் எழுதுனான், மீதி வாயில நுழையலையாம். அம்பது வருசத்துல முழுசா பேரச் சொன்னது ஒருத்திதான். நம்ம தமிழாளுவ குடிசை போட்டு இருந்த மதராசி கேம்ப்ல இருந்து பாத்திரம் தேய்க்க வருவாளே, செல்வி. தேய்ச்சு வச்சதும் எழுத்துக்கூட்டிப் படிப்பா. ஆவுடையம்மாள் மூணு, ஆவுடையம்மாள் நாலுன்னு. கேம்ப்ப இடிச்சாச்சு, அவளும் எங்கியோ தூரமாப் போயிட்டா."

இன்னொரு முறுக்கு எடுத்தாங்க.

"இன்னைக்குத்தான் மைக்குல எனக்க பேர நானே சொன்னேன். எல்லாவனும் கை தட்டுனான்."

இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. தினமும் அந்த டம்ளர்லதான் காப்பி குடிக்கிறேன். அந்த எழுத்தை ஒரு நாளும் நின்னு படிச்சதில்லை. அவங்க பக்கத்துல போய் உக்காந்தேன். கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன். கையெல்லாம் முறுக்கு எண்ணெய்.

"அந்த சீட்டுல என்ன அத்தை எழுதினீங்க?"

"எனக்க பேரு, உங்க மாமா பேரு, ஊரு. ஏழு சம்படத்துல இது நாலாவதுன்னு." கொஞ்சம் தயங்கினாங்க. "கடைசியா உனக்க பேரையும் எழுதுனேன்."

என் பேரா! நெஞ்சு அப்படியே விம்மிப் போச்சு. பத்து பேர் லிஸ்ட்டுக்காக ரெண்டு வாரம் ஊரே அடிச்சுக்கிச்சு. யாரும் கேக்காமலே எனக்கு ஒரு இடம் குடுத்திருக்காங்களே, இந்த மனுஷி!

"நெசமாவா அத்தை? என்னைப் பத்தி என்ன எழுதினீங்க?"

அத்தை முறுக்கை மென்னு முழுங்கிட்டு நிதானமா சொன்னாங்க.

"இதக் கேக்காம எடுத்தவ எனக்க மருமவ கவிதான்னு."